துண்டு போதவில்லை

கத்திக்குச் சாணை பிடித்த இரவுகளில் மூக்கைச் சிந்தினால் கைக்குட்டையில் கருப்பாக வரும். முகத்தில் துண்டு கட்டியும் அப்படித்தான். அது பொறியைத் தடுக்கும், நுண்தூசியை அல்ல.

என்95 அணிந்தேன். மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்தது. மேல் விளிம்பில் மூச்சு கசிகிறது என்று பொருள். அடுத்து, 99.97 சதவீதத் துகள்களைப் பிடிக்கும் பி100 வடிகட்டிகளோடு ரப்பர் மாஸ்க் வாங்கினேன். அப்போதும் கசிவு! காரணம் என் தாடி. அன்றே மழித்தேன். இரு வடிகட்டிகளையும் உள்ளங்கைகளால் மூடி மூச்சை இழுத்ததும் மாஸ்க் கன்னத்தோடு ஒட்டிக்கொண்டது; கசிவு இல்லை என்று பொருள்.

இயந்திரம் நின்ற பிறகும் தூசி மிதக்கும். அதனால் பட்டறைக்கு வெளியே வந்துதான் கழற்றுகிறேன். கத்தியின் கைப்பிடிக்கு ஈட்டி மரம் தேய்க்கும்போதும் மாஸ்க் கட்டாயம். அந்தத் தூள் ஒவ்வாமை தரும்.