பழைய மசில் காருக்கு டிரான்ஸ்மிஷன் கூலர் தேர்ந்தெடுப்பது எப்படி?

அமெரிக்காவில் மசில் கார்கள், அதாவது சக்திவாய்ந்த எஞ்சின் கொண்ட வேகக் கார்கள், குறிப்பாக ஷெவர்லேயின் பழைய கமாரோ, ஷெவெல், நோவா வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி பார்க்கக்கூடிய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், 1969 மாடல்களில் அறிமுகமான டர்போ ஹைட்ராமேட்டிக் 350. அதையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கம்பெனியிலிருந்து வந்தபோது இதன் ஆயிலைக் குளிர வைக்க ரேடியேட்டர் தொட்டிக்குள் ஒரு சின்னக் குழாய் இருக்கும், அவ்வளவுதான். அன்றைய எஞ்சினுக்கு அது போதும். கேமை (எஞ்சின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) மாற்றி, ஹை ஸ்டால் கன்வெர்ட்டரும் போட்ட பிறகு போதாது, தனிக் கூலர் வேண்டும். எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்துவது டார்க் கன்வெர்ட்டர்; எந்த எஞ்சின் வேகத்தில் அது நன்றாகப் பிடிக்கத் தொடங்குகிறதோ அதுதான் ஸ்டால்.

1. முதலில் சூட்டை அளந்து பாருங்கள்

கூலர் வாங்கும் முன் ஒரு டெம்பரேச்சர் கேஜ் வாங்குங்கள். சென்சாரை ஆயில் பேனில், அதாவது கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் தட்டில் வைப்பது நல்லது. கன்வெர்ட்டரை விட்டு ஆயில் வெளியே வரும் லைனில் வைத்தால், ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் முள் எகிறி வீணாகப் பயமுறுத்தும்.

பேனில் 80 முதல் 93 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் நல்ல நிலை. 115-ஐத் தாண்டினால் ஆயில் வார்னிஷ் மாதிரி உள்ளே படியத் தொடங்கும். 127-ஐ நெருங்கினால் சீல்கள் இறுகிப்போகும்.

இவ்வளவு சூடு எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி டார்க் கன்வெர்ட்டரிலிருந்துதான். 3000 ஆர்பிஎம் ஸ்டால் உள்ள கன்வெர்ட்டரோடு ஊருக்குள் 2200-இல் உருட்டிக்கொண்டு போனால், அது முழுசாகப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். அந்த வழுக்கல் அத்தனையும் ஆயிலில் சூடாக இறங்கும். இந்தக் கியர்பாக்ஸின் ஆரம்ப மாடல்களில், கன்வெர்ட்டரை வழுக்காமல் பூட்டிப் பிடிக்கும் லாக்கப்பும் கிடையாது.

2. எந்த வகை?

கடையில் மூன்று வகை கிடைக்கும். ட்யூப் அண்ட் ஃபின் வகையில் ஒரே குழாய் இங்கும் அங்குமாக வளைந்து போகும். ஆயில் முழுக்க அந்த ஒரே வழியில் போக வேண்டும். விலை குறைவு, வேலையும் அதற்கேற்ற மாதிரிதான். பிளேட் அண்ட் ஃபின் இதைவிட மேல்.

என் ஓட்டு ஸ்டாக்டு பிளேட்டுக்கு. மெல்லிய தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கும், ஆயில் எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் பிரிந்து ஓடும். ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது எளிதான வழியில் சட்டென்று கடந்துவிடும், சூடாகி இளகியதும் மற்ற தட்டுகளுக்கும் பரவும். அடைப்பு மாதிரி எதிர்த்து நிற்காது. பழைய கியர்பாக்ஸுக்கு இது பெரிய விஷயம், ஏனென்றால் கூலரிலிருந்து திரும்பி வரும் ஆயில்தான் உள்ளே உராயும் பாகங்களுக்கும் போகிறது.

3. எவ்வளவு பெரிது?

பெட்டி மேல் வண்டி எடையை வைத்து அளவு போட்டிருப்பார்கள். ஹை ஸ்டால் கன்வெர்ட்டர் இருந்தால் அதற்கு மேல் ஓர் அளவு எடுங்கள். மிச்சிகன் மாதிரி பனி கொட்டும் இடமென்றால் ரேடியேட்டர் குழாயைக் கழற்றிவிட வேண்டாம். ஆயில் சூடேறாமலே ஓடினாலும் கியர் முரட்டுத்தனமாக விழும்.

4. எங்கே மாட்டுவது?

வாங்கும் முன்பே டேப்பை எடுத்து ரேடியேட்டருக்கு முன்னால் இடம் அளந்துவிடுங்கள். ரேடியேட்டருக்கும் கூலருக்கும் நடுவே அரை அங்குலமாவது விடுங்கள். கூலரோடு சில கிட்களில் வரும் பிளாஸ்டிக் குச்சிகளை ரேடியேட்டருக்குள் குத்தி மாட்டாதீர்கள். அதிர அதிரத் தேய்ந்து ரேடியேட்டரே ஓட்டையாகும். இரும்புப் பட்டையில் பிராக்கெட் செய்து பிடியுங்கள். ஹோஸ் மாட்டும் கூலரின் வாய்கள் மேலே அல்லது பக்கவாட்டில் இருக்கட்டும், கீழ்நோக்கி வைத்தால் உள்ளே காற்று தங்கும்.

5. லைனும் ஹோஸும்

350-இல் கீழே உள்ள ஃபிட்டிங்கில் சூடான ஆயில் வெளியேறும், மேலே உள்ளதில் திரும்பி வரும். வரிசை இப்படி: கியர்பாக்ஸ், ரேடியேட்டர், புதுக் கூலர், மறுபடி கியர்பாக்ஸ். டிரான்ஸ்மிஷன் ஆயிலுக்கென்றே உள்ள ஹோஸ் மட்டும் வாங்குங்கள், பெட்ரோல் ஹோஸ் இந்தச் சூட்டைத் தாங்காது. ஸ்டீல் குழாயின் நுனியில் சின்னப் புடைப்பு எழுப்பி, அதைத் தாண்டி ஹோஸைத் தள்ளி, புடைப்புக்குப் பின்னால் கிளாம்ப் போடுங்கள். வெறும் வழவழக் குழாயில் மாட்டினால் ஒருநாள் கழன்றுகொள்ளும்.

முன்பு கியர்பாக்ஸ் கருகியிருந்தால் பழைய லைன்களை ஃப்ளஷ் செய்யுங்கள். பழைய கூலர் பிளேட் வகை என்றால் தூக்கிப் போட்டுவிடுங்கள். தட்டுகளுக்குள் சிக்கிய கிளட்ச் தூளை வெளியே எடுப்பது நடக்கிற காரியமில்லை.

6. ஓட்டிப் பாருங்கள்

டெக்ஸ்ரான் எனும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் ஊற்றி, எஞ்சின் ஓடும்போதே, ஆயில் சூடானதும், பார்க்கில் வைத்து டிப்ஸ்டிக் பாருங்கள். கூலருக்குள் போனதற்கும் சேர்த்துக் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். எல்லா மூட்டுகளிலும் விரலால் தடவிக் கசிவு இருக்கிறதா பாருங்கள், எக்ஸாஸ்ட் பக்கம் கை போகாமல்.

அப்புறம் கேஜைக் கவனியுங்கள். சிக்னலில் நிற்கும்போது மட்டும் சூடு ஏறினால் காற்றுதான் குறை, கூலருக்குச் சின்ன மின்விசிறி போதும். ஹைவேயிலும் இறங்கவில்லை என்றால் கூலரை ஓர் அளவு பெரிதாக்குங்கள், அல்லது ஸ்டால் குறைந்த கன்வெர்ட்டருக்கு மாறுங்கள்.