குடல் பங்கசைக் கட்டுக்குள் வைக்க: பிளேன்டீயில் இருந்தே தொடங்கலாம்

நம் குடலில் பற்றீரியாக்களுக்கு நடுவே கொஞ்சம் பங்கசுகளும் வாழ்கின்றன. அவற்றுள் ஒன்றான கண்டிடா இருப்பது நோயல்ல. பற்றீரியாக்கள் குறைந்து அதற்கு இடம் கிடைப்பதுதான் சிக்கல். எனவே பங்கசைப் பட்டினி போட முயலாதீர்கள். பற்றீரியாக்களுக்குச் சாப்பாடு போடுங்கள்.

1. வாயைக் கவனியுங்கள். குடலில் அகப்படும் கண்டிடாவில் ஒரு பங்கு எச்சிலோடு விழுங்கப்பட்டது. காலையும் இரவும் இரண்டு நிமிடம் பல் தீட்டுங்கள். பல்செட்டை இரவில் கழற்றிவிடுங்கள். ஸ்டீரொயிட் இன்ஹேலர் இழுத்தால் உடனே வாய் கொப்பளித்துத் துப்புங்கள்.

2. சீனியை எண்ணுங்கள். தலைதட்டிய ஒரு தேக்கரண்டிச் சீனி 4 கிராம். மூன்று கரண்டி போட்ட பிளேன்டீ நாளுக்கு நாலு என்றால் 48 கிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச அளவான 50 கிராம் தேநீரிலேயே கிட்டத்தட்ட முடிந்துவிடும். வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்து வாருங்கள், நாக்கு பழகிவிடும்.

3. நார்ச்சத்தைக் கூட்டுங்கள். இதுதான் முக்கியமான படி. நாரைப் புளிக்கவைத்துப் பற்றீரியாக்கள் உண்டாக்கும் அமிலங்கள் கண்டிடாவின் வளர்ச்சியை அடக்குகின்றன. இலக்கு நாளுக்கு 25 கிராம். வெள்ளைப் பாணுக்குப் பதில் குரக்கன் பிட்டு, மதியம் சிவப்பரிசிச் சோற்றோடு வல்லாரைச் சம்பல். கொண்டைக் கடலையை எட்டு மணிநேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு அவியுங்கள். அவித்த கடலை அரைக் கப்பில் சுமார் 6 கிராம் நார் உண்டு. காலிமுகத்திடலில் வாங்கும் கடலையும் கணக்கில் சேரும்!

பலர் இங்கேதான் கைவிடுகிறார்கள். ஒரே நாளில் கூட்டினால் வயிறு ஊதி, வாயு பிடிக்கும். இரண்டு மேசைக்கரண்டிக் கடலையில் தொடங்கி, இரண்டு வாரத்தில் அரைக் கப்புக்கு வாருங்கள். தண்ணீரும் கூடக் குடியுங்கள்.

4. சளிக் காய்ச்சலுக்கு பாமசியில் கேட்டு அன்ரிபயோட்டிக் வாங்காதீர்கள். வைரசை அது தொடாது. பற்றீரியாக்களைத்தான் அழித்துக் கண்டிடாவுக்கு வழிவிடும். டொக்டர் எழுதித் தந்தால் சொன்னபடி எடுங்கள்.

அப்பத்தில் ஈஸ்ட் இருக்கிறதே, அதுவும் பங்கசுதானே என்று ஒதுக்க வேண்டாம்; சூட்டுத் தாச்சியில் அது செத்துவிடும். காலையில் எச்சிலைத் தண்ணீரில் துப்பிப் பார்க்கும் 'கண்டிடா சோதனை'யை நம்பாதீர்கள், நூல் நூலாக இறங்குவது எச்சிலின் இயல்பு.

வாயில் வெள்ளைப் படலம் அல்லது விழுங்கும்போது நோவு இருந்தால், குறிப்பாக நீரிழிவுக்காரர், உணவை மாற்றிப் பார்த்துக்கொண்டிராமல் டொக்டரிடம் காட்டுங்கள்.