ஈப்புழுவும் மலைக்குளிரும்: இறந்த நேரத்தைக் கணக்கிடப் பழகுவோம்

தேயிலைத் தோட்டத்து ஓடையோரம் ஓர் உடல் கிடக்கிறது. இறந்து எத்தனை நாள் ஆகிறது? முதல் ஓரிரு நாள் என்றால் உடற்சூட்டையும் விறைப்பையும் பார்த்து மருத்துவரே ஓரளவு சொல்லிவிடுவார். நாள் ஆக ஆக அந்த அடையாளங்கள் மறைந்துவிடும். பிறகு நமக்கு மிஞ்சும் கடிகாரம் ஈப்புழு.

குன்னூரில் விலங்கியல் கற்பிக்கிறேன். ஆண்டுதோறும் மாணவர்களோடு ஒரு துண்டு ஈரலை வைத்து இந்தக் கடிகாரத்தைப் படிக்கப் பழகுகிறோம். ஈப்புழு இரண்டு முறை தோலுரித்து மூன்று கட்டங்களாக வளரும்; ஒவ்வொரு கட்டத்தையும் பருவம் என்கிறோம். பாடக் குறிப்புகளில் "மூன்றாம் பருவப் புழு இருந்தால் இரண்டு மூன்று நாள்" என்பதுபோல ஒரு வரி தவறாமல் இருக்கும். சமவெளிக்கு அது சரியாக இருக்கலாம். அதை அப்படியே நீலகிரிக்குத் தூக்கிவந்தால் கணக்கு ஒரு வாரம் வரை தப்பிப்போகும். இறந்தவரை உயிரோடு கடைசியாகப் பார்த்தவர் யார், அன்று யார் எங்கே இருந்தார் என்ற கேள்விகளெல்லாம் அந்த நாட்கணக்கைப் பிடித்துத்தான் தொங்குகின்றன. அந்த ஒரு வாரத்தில் தவறான ஆள் சிக்கிக்கொள்ளக்கூடும். அதனால்தான் இதை மலைக்கென்று தனியாக எழுதுகிறேன்.

குளிர்ந்த மலைப்பகுதியில் புழு சாட்சி சொன்ன வழக்கு ஒன்று உண்டு. 1935 செப்டம்பர் 29 அன்று ஸ்காட்லாந்தின் மோஃபட் ஊருக்கு அருகே, பாலத்தின் அடியில் ஓடும் ஓடையில், இரண்டு பெண்களின் உடற்பாகங்கள் கிடைத்தன. அவற்றிலிருந்த புழுக்களை ஆராய்ந்த கிளாஸ்கோவின் அலெக்சாண்டர் மியர்ன்ஸ், அவற்றின் வயது 12 முதல் 14 நாள் என்றார். அந்தப் பெண்கள் காணாமல்போன காலத்தோடு அது பொருந்தியது. குற்றவாளி பக் ரக்ஸ்டன், பம்பாயிலிருந்து வந்து இங்கிலாந்தின் லங்காஸ்டரில் குடியேறிய மருத்துவர். அந்தப் புழுக்கள் இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் குப்பியில் இருக்கின்றன.

தொடங்கும் முன் ஒரு கண்டிப்பான சொல். காட்டெருமையோ மானோ செத்துக் கிடப்பதைப் பார்த்தால் அதில் புழு பொறுக்கப் போகாதீர்கள். அடைப்பான் நோய் (ஆந்த்ராக்ஸ்) மனிதருக்கும் தொற்றும். காட்டு விலங்கின் உடலைத் தொடுவது சட்டப்படியும் குற்றம். வனத்துறைக்குச் சொல்லிவிட்டு விலகிவிடுங்கள். நமக்கு மார்க்கெட்டில் வாங்கும் ஆட்டு ஈரல் நூறு கிராம் போதும்.

முதல் படி: ஈரலை வைப்பது

அகலமான பிளாஸ்டிக் டப்பாவில் நான்கு விரற்கடை உயரத்துக்கு மரத்தூள் பரப்புங்கள். மேலே ஒரு சிறிய கிண்ணத்தில் ஈரலை வையுங்கள். பூனையும் காக்கையும் எடுத்துப்போகாமல் கோழிக்கூட்டுக்கு அடிக்கும் கம்பிவலையால் மூடுங்கள். ஈ நுழையும் அளவுக்குக் கண் இருந்தால் சரி. டப்பாவை ஸ்டூலின் மேல் வைத்து, ஸ்டூல் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் இறக்கிவிடுங்கள். நம் பாட்டிமார் பலகாரப் பாத்திரத்தை எறும்பிடமிருந்து காத்த வழிதான். எறும்பு வந்தால் முட்டைகள் ஒன்றுகூட மிஞ்சாது.

வெயில் உள்ள நாளாகப் பாருங்கள். மூடுபனி இறங்கிய நாளிலும் மழையிலும் ஈ பறக்காது. இரவில் பெரும்பாலும் முட்டையிடாது. குன்னூரில் மூன்று நாள் தொடர்ந்து மூட்டம் போட்டிருந்த ஒரு வாரத்தில் எங்கள் ஈரலில் ஒரு முட்டைகூட விழவில்லை. நான்காம் நாள் காலை வெயில் அடித்தது. ஒரு மணி நேரத்துக்குள் பச்சை ஈக்கள் வந்துவிட்டன. புழுவின் வயதும் இறந்து கழிந்த காலமும் ஒன்றல்ல என்பதை மாணவர்களுக்கு நான் வேறு எப்படியும் இவ்வளவு தெளிவாகக் காட்டியிருக்க முடியாது. புழு சொல்வது குறைந்தபட்ச காலத்தை மட்டுமே. இறப்பு அதற்கு முன்பு எப்போது வேண்டுமானாலும் நடந்திருக்கலாம்.

வருகிற ஈக்களைப் பாருங்கள். உலோகம்போல மின்னும் பச்சை அல்லது நீல உடல் இருந்தால் அது நம் ஈ. மீன் கடைகளில் சாதாரணமாகக் காணும் பெரிய தலையும் சிவந்த கண்களும் கொண்ட இனம் கிரைசோமியா மெகாசெபாலா. சாம்பல் நிற வீட்டு ஈ இந்தக் கணக்கில் சேராது.

இரண்டாம் படி: பூஜ்ஜிய நேரம்

முட்டைகள் ஈரலின் மடிப்புகளிலும் கிண்ணத்தின் ஓரத்திலும் குவியலாக இருக்கும். தேங்காய்த் துருவலை நுணுக்கிச் சிட்டிகை அளவு ஒட்டிவைத்ததுபோல் தோன்றும். ஒவ்வொன்றும் ஒன்றரை மில்லிமீட்டர் நீளம். முதல் குவியலைக் கண்ட மணியை எழுதிவிட்டு, மேலும் ஈ வராதபடி உடனே மல் துணியால் டப்பாவை இறுகக் கட்டுங்கள். கட்டாவிட்டால் இன்றைய முட்டையும் நாளைய முட்டையும் கலந்துபோகும்; பிறகு எதற்கு எது வயது என்று பிரிக்க இயலாது.

அதே நிமிடத்திலிருந்து வெப்பநிலையைக் குறிக்கத் தொடங்குங்கள். தெர்மாமீட்டர் டப்பாவின் உயரத்திலேயே, நிழலில் இருக்க வேண்டும். மணிக்கொரு முறை தானாகப் பதியும் சிறிய கருவி கிடைத்தால் மிகவும் நல்லது. ஏன் மணிக்கொரு முறை என்பதைக் கணக்குக்கு வரும்போது சொல்கிறேன்.

மூன்றாம் படி: புழுவைப் படிப்பது

காலையும் மாலையும் ஐந்தாறு புழுக்களை இடுக்கியால் எடுங்கள். கொதித்து இறக்கிய வெந்நீரில் அரை நிமிடம் போட்டு, பிறகு 80 சதவீத எத்தனாலுக்கு மாற்றுங்கள். நேராக எத்தனாலில் போட்டால் புழு சுருங்கிக் கறுத்துவிடும். நீளத்தை நம்ப முடியாது. வெந்நீரில் போனது நீண்டு, வெளுத்து, அளக்க வசதியாகக் கிடக்கும்.

இப்போது கைலென்ஸால் புழுவின் பின்புறத்தைப் பாருங்கள். முன்புறம் கூர்மையாக, வாய்க்கொக்கியோடு இருக்கும். பின்புறம் வெட்டிவிட்டதுபோல் தட்டையாக இருக்கும். அந்தத் தட்டையில் பழுப்பு நிறத்தில் இரண்டு புள்ளிகள் தெரியும். பார்ப்பவர்கள் கண்கள் என்று நினைப்பார்கள். அவை சுவாசத் துளைகள். தலையை உணவுக்குள் புதைத்துக்கொண்டு புழு பின்புறத்தால் மூச்சுவிடுகிறது. ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் எத்தனை கீறல் என்று எண்ணுங்கள். இரண்டு கீறல் என்றால் இரண்டாம் பருவம், மூன்று என்றால் மூன்றாம் பருவம். முதல் பருவப் புழு மிகச் சிறியது. அதைப் பார்க்க மைக்ரோஸ்கோப் வேண்டும்.

நீளத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். மூன்றாம் பருவப் புழு வயிறு நிறைந்ததும் தின்பதை விட்டுவிடும், பிறகு சற்றுச் சுருங்கும். ஒரே நீளத்தில் இரண்டு புழுக்கள் இருக்கும். ஒன்று வளர்ந்துகொண்டிருப்பது, மற்றொன்று வளர்ந்து முடித்தது. தின்னும் புழுவின் முன்பாதியில், தோலுக்குள் கருஞ்சிவப்பாக இரைப்பை தெரியும். தின்று முடித்ததில் அது மறைந்திருக்கும்.

தின்று முடித்தவை ஈரலைவிட்டு இறங்கி மரத்தூளுக்குள் போய்விடும். களத்தில் இது முக்கியம். உடலின் மேல் மட்டும் தேடுபவர் கையில் இளம் புழுக்களே அகப்படும். மூத்தவை அருகிலுள்ள மண்ணிலும் சருகிலும் புதைந்திருக்கும். தைல மரச் சருகு தடிமனாக விழுந்து கிடக்கும் நம் காடுகளில் அந்தச் சருகைப் பொறுமையாகப் புரட்டிப் பார்த்தாக வேண்டும்.

சில நேரம் உடம்பெல்லாம் முள்போன்ற சதைப்பிதுக்கங்களோடு ஒரு புழு தென்படும். அது கிரைசோமியா ரூஃபிஃபேசிஸ். மற்றப் புழுக்களையும் அது தின்னும். முன்பு வந்த சாட்சிகளையே அது தின்றுவிட்டிருக்கக்கூடும் என்பதால் கண்டால் தனியாகக் குறியுங்கள்.

நான்காம் படி: கணக்கு

ஈப்புழுவுக்குச் சொந்தமாக உடற்சூடு கிடையாது. சுற்றுப்புறம் சூடாக இருந்தால் விரைவாக வளரும், குளிர்ந்தால் மெதுவாக வளரும், ஒரு எல்லைக்குக் கீழே வளர்ச்சி நின்றுவிடும். அந்த எல்லை இனத்துக்கு இனம் மாறும். பயிற்சிக்காக 10 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மணி நேரத்திலும் 10 டிகிரிக்கு மேல் எத்தனை டிகிரி இருந்தது என்று எழுதிக் கூட்டிக்கொண்டே வாருங்கள். இதற்கு டிகிரி-மணி என்று பெயர். 18 டிகிரியில் ஒரு மணி நேரம் இருந்தால் 8 டிகிரி-மணி சேரும்.

ஒரு பருவத்தை அடைய 900 டிகிரி-மணி தேவை என்று உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். மேட்டுப்பாளையத்தில் சராசரி 28 டிகிரி என்றால் மணிக்கு 18 சேரும்; 50 மணி நேரத்தில், அதாவது இரண்டு நாளில் முடிந்துவிடும். அங்கிருந்து மலை ரயிலில் 46 கிலோமீட்டர் ஏறினால் உதகை. உயரம் சுமார் 2,240 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறு டிகிரி குறையும். உதகையில் ஒரு குளிர்கால நாள். பகல் 12 மணி நேரம் 20 டிகிரி, இரவு 12 மணி நேரம் 6 டிகிரி என்று எளிமையாக வைத்துக்கொள்வோம்.

சராசரி 13. எனவே மணிக்கு 3, நாளுக்கு 72. 900-ஐ 72-ஆல் வகுத்தால் பன்னிரண்டரை நாள். பலர் இங்கேயே பேனாவை வைத்துவிடுவார்கள். பிழை இங்கேதான் இருக்கிறது. 6 டிகிரியில் புழு வளராமல் நிற்கிறது, வளர்ந்ததை இழப்பதில்லை. இரவில் சேருவது பூஜ்ஜியம், கழித்தல் இல்லை. பகலில் மணிக்கு 10 வீதம் 120 சேருகிறது. 900-ஐ 120-ஆல் வகுத்தால் ஏழரை நாள். தரவு ஒன்றுதான், சராசரி எடுத்த ஒரே காரணத்தால் ஐந்து நாள் பிசகுகிறது. பகலும் இரவும் இவ்வளவு விலகி நிற்கும் மலையில் மணிவாரிக் கணக்கு இல்லாமல் பேசவே கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

எல்லைக்கு அருகிலுள்ள குளிரில் இந்த நேர்க்கோட்டுக் கணக்கும் துல்லியம் குறையும். ஆகவே விடையை ஒரே எண்ணாகச் சொல்லாமல் "இத்தனை முதல் இத்தனை நாள்" என்று வீச்சாகச் சொல்லுங்கள்.

இன்னும் இரண்டு செய்திகள். ஒன்று, நூற்றுக்கணக்கான புழுக்கள் ஒரே இடத்தில் திரண்டால் அந்தத் திரள் தானே சூடாகும். வெளிக்காற்றைவிடப் பத்து டிகிரிக்கும் மேலாக ஏறக்கூடும். இரவில் வெளியே உறைபனி விழும்போதும் உள்ளே புழுக்கள் வளர்ந்துகொண்டிருக்கலாம். காற்று, திரள், மண் மூன்றின் வெப்பத்தையும் தனித்தனியே அளக்க வேண்டும். நம் டப்பாவில் நாற்பது ஐம்பது புழுக்களை மட்டும் விட்டுவைத்தால் இந்தச் சிக்கல் வராது.

மற்றொன்று, உயரத்தை மட்டும் நம்பாதீர்கள். இரவில் குளிர்காற்று கனத்து இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். கேரட் வயல் இருக்கும் தாழ்வில் புல் வெளுத்துக் கிடக்க, நூறடி மேலேயுள்ள சரிவில் உறைபனியே இராது. வானிலை நிலையத்தின் எண்ணை அப்படியே எடுக்காமல், உடல் கிடந்த இடத்திலேயே பதிவுக் கருவியைச் சில நாட்கள் வைத்து, நிலையத்தின் எண்ணோடு எவ்வளவு வேறுபடுகிறது என்று பார்த்து, கடந்த நாட்களைத் திருத்திக்கொள்வதுதான் நிபுணர்களின் வழக்கம்.

உடல் துணியில் சுற்றப்பட்டிருந்தாலோ, பூட்டிய அறைக்குள் இருந்தாலோ, பூச்சிமருந்து உள்ளே போயிருந்தாலோ ஈ முட்டையிடத் தாமதமாகலாம். இவையெல்லாம் அனுபவமுள்ளவர் எடைபோட வேண்டியவை. ஈரல் வைத்துப் பழகியவர் உண்மை வழக்கில் கருத்துச் சொல்லக் கூடாது. உடலைக் கண்டால் எதையும் தொடாமல் காவல்துறையை அழையுங்கள்.

ஐந்தாம் படி: ஈ வெளிவரும் வரை காத்திருங்கள்

பொறுமையில்லாதவர்கள் இதைத் தவிர்ப்பார்கள். நான் விடமாட்டேன். புழுவாக இருக்கையில் இனத்தை அடையாளம் காண்பது கடினம். ஈயாக வந்தால் எளிது. களத்திலும் பாதிப் புழுவை எத்தனாலில் போட்டு, மீதியை உயிரோடு கொண்டுபோய் வளர்ப்பது இதற்காகத்தான்.

மரத்தூளைக் கிளறினால் சிறிய பீப்பாய் வடிவில் கூட்டுப்புழுக்கள் இருக்கும். முதலில் வெளிர்நிறம், ஒரு நாளுக்குள் செம்பழுப்பு, பிறகு கரும்பழுப்பு. சுமார் 27 டிகிரியில் முட்டையிலிருந்து ஈ வர ஒன்பது பத்து நாளாகும். உங்கள் ஊரில் எவ்வளவு என்பதை உங்கள் நோட்டுப் புத்தகம்தான் சொல்ல வேண்டும்.

கூடு உடையும் நேரத்தில் அருகில் இருக்க முயலுங்கள். ஈயின் நெற்றியிலிருந்து பலூன்போன்ற ஒரு பை புடைத்துக்கொண்டு வந்து கூட்டின் மூடியைத் தள்ளித் திறக்கும். வெளியே வருவது பச்சை ஈயாகத் தெரியாது. சாம்பல் நிறத்தில், கசங்கிய சிறகோடு, நீண்ட கால்களோடு சுவரில் ஏறி நிற்கும். சிறகு மெல்ல விரியும், நெற்றிப் பை உள்ளே போகும், சில மணி நேரத்தில் அந்த உலோகப் பச்சை ஏறிவிடும். அது ஏறும் வரை காத்திருந்து, பிறகு டப்பாவை அப்படியே ஃப்ரீசரில் ஓர் இரவு வையுங்கள். முற்றாத ஈயைப் பிடித்தால் நிறத்தை வைத்து இனம் சொல்ல முடியாது.

குப்பிக்குள் போடும் சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும். நாள், மணி, ஊர், உயரம், வெயிலா நிழலா, எடுத்தபோது இருந்த வெப்பம், எடுத்தவர் பெயர்.