ப, இட், ட, இம்: எழுத்துக்கூட்டிப் படிக்க வைக்கையில் நாம் செய்யும் தவறுகள்

கரும்பலகையில் ‘பட்டம்’ என்று எழுதிப்போட்டேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுந்து வந்து ஒவ்வோர் எழுத்தாகக் கைவைத்துச் சொன்னாள்: “ப... இட்... ட... இம்.” நான்கும் சரி. “சேர்த்துச் சொல்லு கண்ணு” என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “பயிட்டயிம்” என்றாள்.

வகுப்பே சிரித்தது. முந்தின நாள் சாயங்காலம்தான் அண்ணனோடு மொட்டைமாடியில் பட்டம் விட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை அவள். பட்டம் என்றால் என்னவென்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எழுத்தின் பெயரை எழுத்தின் ஒலி என்று சொல்லிக்கொடுத்தது நாங்கள்.

மெய்யெழுத்தைத் தனியே உச்சரிக்க வராது. அதனால்தான் முன்னால் ஓர் இகரத்தைப் போட்டு இக், இங், இச் என்று சொல்லிப் பழகிவிட்டோம். அது கூப்பிடுகிற பெயர். படிக்கும்போது அந்த ‘இ’ எங்கேயும் ஒலிப்பதில்லை. ஆகவே புள்ளி வைத்த எழுத்தை வாசிப்பில் தனியாக நிறுத்தவே கூடாது. அது முந்தின எழுத்தின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வரும்: பட்-டம், கப்-பல், தம்-பி. நான் இப்போதெல்லாம் சொல்லை எழுதியதும் அந்த இரண்டு எழுத்துக்கும் அடியில் தொட்டில் மாதிரி ஒரு வளைவு போட்டுவிடுகிறேன். வளைவுக்கு ஒரு கைதட்டல். ‘பட்’ ஒரு தட்டு, ‘டம்’ ஒரு தட்டு. ‘பயிட்டயிம்’ இரண்டே நாளில் போய்விட்டது.

இதற்கு நேர் எதிரான தவறு ஒன்று இப்போது ஆங்கில வழிப் பள்ளிகளிலிருந்து வருகிறது. ஃபோனிக்ஸ் முறையில் ‘கேட்’ (cat) என்பதை மூன்று ஒலியாக உடைத்துச் சேர்க்கச் சொல்கிறார்கள் அல்லவா, அதைப் பார்த்த பெற்றோர் ‘கல்’ என்பதையும் க் + அ + ல் என்று உடைக்கிறார்கள். தமிழுக்கு அவ்வளவு சிரமம் தேவையில்லை. நம்முடைய ‘க’விலேயே மெய்யும் உயிரும் சேர்ந்தே இருக்கின்றன. மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய் ஆகும் என்பது இலக்கணம், பிறகு வரட்டும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு ‘க’ ஒரே ஒலி, ‘கா’ அதையே நீட்டினால் வருவது. கல்-கால், பல்-பால், தடி-தாடி, வடை-வாடை, எடு-ஏடு, கொடு-கோடு என்று எழுதாமல் வாயால் மட்டும் ஒரு வாரம் விளையாடினால் போதும். குறிலும் நெடிலும் காதில் பிரியாத பிள்ளைக்குக் கண்ணில் பிரியாது.

அப்புறம் அந்த 247. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்று அட்டவணையை முடித்த பிறகுதான் சொல்லுக்குப் போகவேண்டும் என்று இன்னும் நினைக்கிறோம். க, ங, ச, ஞ என்ற வரிசை அகராதி பார்க்க உதவும். படிக்கத் தொடங்குகிற பிள்ளைக்கு இரண்டாவதாக ‘ங’ எதற்கு? அதை வைத்து அவள் எந்தச் சொல்லைப் படிப்பாள்? ட, ப, ம, ர என்று நான்கு எழுத்து, ஒரு புள்ளி, ஒரு துணைக்கால். இவ்வளவு இருந்தால் படம், பாடம், மரம், மாமரம், மாமா, பாப்பா, டப்பா, பட்டம், பம்பரம், ரப்பர் எல்லாம் படித்துவிடலாம். முதல் வாரத்திலேயே பத்துச் சொல் படித்த பிள்ளை மறுவாரம் தானாகவே அடுத்த எழுத்தைக் கேட்கும்.

கொம்புதான் எனக்கு அதிக நாள் பிடித்த இடம். ‘தேன்’ எழுதச் சொன்னேன். பையன் ஒருவன் வாய்க்குள் “தே” என்று முணுமுணுத்தபடி முதலில் ‘த’ போட்டான். ஏகாரம் அவனுக்கு அதன் பிறகுதானே கேட்கிறது! கோட்டை ஒட்டி எழுதியிருந்ததால் இடப்பக்கம் இடமும் இல்லை. கொம்பை வலப்பக்கம் வைத்தான், அதற்கப்புறம் ‘ன்’. கொம்பு போய் ‘ன்’னோடு ஒட்டிக்கொண்டது. நான் சிவப்பு மையால் அடித்தேன். அவன் காதுக்கு உண்மையாகத்தான் எழுதினான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஒலியில் பின்னால் வருவது எழுத்தில் முன்னால் நிற்கிறது. இந்த விசித்திரத்தை நாம் வாய்விட்டுச் சொல்லவேண்டும். “வாய் தே என்றால் கை முதலில் கொம்பு போடும்” என்று பாட்டாகவே சொல்ல வைத்தேன். ஒகர ஓகாரத்தில் எழுத்து நடுவில் உட்கார்ந்துகொள்ளும், முன்னால் கொம்பு, பின்னால் கால். கெ-கொ, கே-கோ என்று ஜோடியாக வைத்தால் புரிந்துவிடுகிறது. உகரத்தில் கு, டு, மு ஒரு சாயல், து, நு, லு இன்னொரு சாயல், பு, வு, சு மூன்றாவது. குடும்பம் குடும்பமாகக் கொடுங்கள், பதினெட்டையும் ஒரே நாளில் கொட்டாதீர்கள்.

(வீட்டில் தாத்தா சொல்லிக்கொடுத்தால் ஒரு வேடிக்கை நடக்கும். 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவரும் வரை லை, ளை, ணை, னை எல்லாம் யானைத் துதிக்கை போன்ற சுழியோடுதான் எழுதப்பட்டன. சிலேட்டில் அந்தத் துதிக்கையோடு வந்து நிற்கிற பிள்ளையைத் திட்டாதீர்கள்.)

அடுத்தது, எழுத்துக்கு ஒரே ஒலிதான் என்று அடம்பிடிப்பது. ‘பகல்’ என்பதை ப-க-ல் என்று கூட்டுகிற பிள்ளை ‘கல்’லில் வரும் அதே வல்லின ‘க’வைப் போட்டு ‘பக்கல்’ என்கிறது. அப்படி ஒரு சொல்லை அது கேட்டதே இல்லை, அதனால் விழிக்கிறது. கல், பகல், தங்கம் மூன்றிலும் ‘க’ வேறு வேறாக ஒலிக்கிறது. பச்சை, பசி, மஞ்சள் ‘ச’வும் அப்படியே. இதற்கு விதி சொல்லப் போகவேண்டாம். “ராத்திரிக்கு எதிர்ச்சொல் என்ன?” என்று கேளுங்கள், போதும். வாயில் ஏற்கெனவே இருக்கிற சொல் வந்து எழுத்தைத் திருத்திக்கொள்ளும். அதற்காகவே ஆரம்பத்தில் பிள்ளைக்குத் தெரியாத சொற்களைக் கூட்டச் சொல்லக்கூடாது. சில சார்ட்டுகளில் ‘ஔ’வுக்கு ஒளடதம் என்று போட்டிருக்கிறார்கள்; ‘ஔ’ என்ற ஓரெழுத்தை ‘ஒ’, ‘ள’ என்று இரண்டாக்கியதால் முதல் எழுத்தும் தப்பு, சொல்லும் எந்தப் பிள்ளைக்கும் தெரியாது.

படத்தைப் பார்த்துச் சொல்வதை வாசிப்பு என்று நம்பி ஏமாறுவதும் உண்டு. பக்கத்தை மனப்பாடமாக ஒப்பித்துக்கொண்டே விரல் வேறெங்கோ போகும். உள்ளங்கையால் படத்தை மூடிவிட்டுப் படிக்கச் சொன்னால் தெரிந்துவிடும்.

பத்துத் தடவை எழுதிவா என்கிற வீட்டுப்பாடம் பற்றி ஒரு வார்த்தை. ஒருநாள் பின்னால் நின்று பார்த்தேன். ‘அம்மா’ பத்துத் தடவை. பிள்ளை முதலில் மேலிருந்து கீழாகப் பத்து ‘அ’ எழுதிற்று. பிறகு பத்து ‘ம்’. பிறகு பத்து ‘மா’. சாலைக்கல் நடுகிற மாதிரி வேலை கச்சிதமாக முடிந்தது. அம்மாவை ஒருமுறைகூட எழுதவில்லை. இப்போது மூன்றே முறை: பார்த்து ஒன்று, மூடிவைத்து ஒன்று, வாயால் சொல்லிக்கொண்டே ஒன்று.

ண, ன, ந மூன்றையும், ல, ள, ழ மூன்றையும் ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வித்தியாசம் சொல்லித்தருவது குழப்பத்துக்கு நாமே போடுகிற விதை. ஒன்று நன்றாகப் படிந்த பிறகு அடுத்தது. உச்சரிப்பை மட்டும் நம்பவும் முடியாது, ‘வாளப்பளம்’ என்று பேசுகிற ஊரில் பிள்ளை அப்படித்தான் எழுதும். கண்ணுக்கு ஒரு பிடி கொடுக்கலாம்: ‘ட’வுக்கு முன் ‘ண்’, ‘ற’வுக்கு முன் ‘ன்’, ‘த’வுக்கு முன் ‘ந்’. வண்டி, கன்று, பந்து. சொல்லின் தொடக்கத்தில் வருவது ‘ந’ மட்டும்தான்.

வாக்கியத்துக்கு வருவோம். எழுத்து முழுவதும் முடியட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. தமிழில் ‘இது பூ’ என்பதே முழு வாக்கியம், வினைச்சொல்கூட வேண்டாம். இது படம், இது மரம் என்று பத்தாம் நாளே எழுதலாம். பிள்ளைகள் இடைவெளி விடமாட்டார்கள், ‘பூனைபால்குடித்தது’ என்று ரயில் விடுவார்கள். சொல்லுக்குச் சொல் ஒரு புளியங்கொட்டை வைக்கச் சொல்லுங்கள்.

இங்கே நடக்கிற பெரிய தவறு நாம் ஒரு வாக்கியத்தைச் சொல்லி அவர்களை எழுத வைப்பது. “பசு பால் தரும்” என்று எந்தப் பிள்ளையும் வீட்டில் பேசுவதில்லை. அது சொல்ல நினைப்பதை முதலில் வாயால் சொல்லட்டும், சொற்களை விரல்விட்டு எண்ணட்டும், பிறகு எழுதட்டும். பேச்சுத்தமிழில் வந்தால்? வரட்டும் என்பேன். சக ஆசிரியர்கள் சிலருக்கு இதில் என்னோடு சண்டை. ‘அம்மா வந்தாங்க’ என்று எழுதப் பழகினால் பிறகு ‘வந்தார்கள்’ வராது என்கிறார்கள். என் அனுபவத்தில், எழுதிய கை ‘வந்தார்கள்’ என்பதற்கு ஓரிரு மாதத்தில் மாறிக்கொள்கிறது. பயந்த கைதான் எதையும் எழுதுவதில்லை. தமிழ்நாடு அரசு 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் மூன்றாம் வகுப்புவரை பிள்ளைகளை வகுப்பைப் பார்க்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரித்தார்கள். திருத்துவதற்கும் அதே கணக்குதான். அரும்பில் இருக்கிற பிள்ளையின் நோட்டில் ஒற்று மிகவில்லை என்று வட்டம் போடக்கூடாது. ஒரு வாக்கியத்துக்கு ஒரே ஒரு திருத்தம், அதுவும் அன்றைக்குச் சொல்லிக்கொடுத்ததில் மட்டும்.

போன மாதம் ‘தேன்’ பையன் ஒரு துண்டுத்தாளை நீட்டினான். ‘எங்க ஆடு குட்டி போட்டுச்சி’ என்று இருந்தது. கொம்பு சரியான இடத்தில் நின்றது. “எத்தனை குட்டிடா?” என்று மட்டும் கேட்டேன். தாளை வாங்கிக்கொண்டு போனவன் அடியில் இன்னொரு வரி எழுதி எடுத்துவந்தான்: ‘ரண்டு. ஒன்னு கருப்பு.’