தெர்மாகோல் வெட்டும் சூட்டுக் கம்பி: எந்த உலோகம், எத்தனை கேஜ்?

தெர்மாகோலைக் கத்தியால் வெட்டினால் ஓரம் உதிர்ந்து, வெள்ளை மணிகள் வீடெங்கும் பறக்கும். சூடான கம்பியால் வெட்டினால் ஓரம் வழுவழுப்பாக வரும். கல்யாண மேடைக்கு எழுத்து வெட்டுகிறவர்கள் இதைத்தான் நம்பியிருக்கிறார்கள். கருவியும் பெரிதாக ஒன்றுமில்லை: ஒரு மரச்சட்டம், ஒரு கம்பி, ஓர் அடாப்டர். சட்டத்தை யாரும் அடித்துவிடலாம். புதியவர்கள் தடுமாறுவது கம்பியில்தான். சிலருக்குச் சூடே ஏறாது. சிலருக்குப் பழுக்கக் காய்ந்து அறுந்து விழும்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை ஆம்பியர் வேண்டும் என்பதைக் கம்பியின் தடிமன் முடிவு செய்கிறது. எத்தனை வோல்ட் வேண்டும் என்பதை அதன் நீளம் முடிவு செய்கிறது. இந்த வரிசை மாறினால் கணக்கு தப்பும்.

முதல் படி: உலோகம்

முதல் கம்பி நிக்ரோமாக இருக்கட்டும். 80 சதவீதம் நிக்கல், 20 சதவீதம் குரோமியம் கலந்த இந்த உலோகத்துக்கு அமெரிக்காவின் ஆல்பர்ட் மார்ஷ் 1906-இல் காப்புரிமை பெற்றார். ரொட்டி வாட்டும் டோஸ்டர்கள் அதன் பிறகுதான் பரவின. இதன் மின்தடை செம்பைப் போல அறுபது மடங்குக்கும் மேல். சூடாகும்போது மேலே ஓர் ஆக்சைடு படலம் உருவாகி உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கிறது. ஆறிய பிறகும் வளைந்து கொடுக்கும்.

காந்தல் என்பது இரும்பு, குரோமியம், அலுமினியம் சேர்ந்தது. நிக்ரோமைவிட அதிக வெப்பம் தாங்கும், விலையும் குறைவு. ஆனால் கடும் வெப்பத்தில் பழகிய பிறகு முறுக்கினால் ஒடியும். சூளைக்கு அருமையான கம்பி. நமக்கு அந்த வெப்பம் தேவையே இல்லை. துருப்பிடிக்காத எஃகுக் கம்பியாலும் வெட்டலாம். மின்தடை குறைவு என்பதால் அதே சூட்டுக்கு அதிக ஆம்பியர் கேட்கும், சிறிய சார்ஜர் திணறும். கிட்டார் கம்பியைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். அவசரத்துக்கு உதவும், நிலையான கருவிக்கு உதவாது. செம்புக் கம்பியை மறந்துவிடுங்கள். இவ்வளவு சிறிய நீளத்தில் அது கிட்டத்தட்ட ஷார்ட் சர்க்யூட்.

இரண்டாம் படி: கேஜ்

கேஜ் என்பது கம்பியின் தடிமனைக் குறிக்கும் எண். அது கூடக் கூடக் கம்பி மெலியும். இங்கே ஒரு குழி இருக்கிறது. நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் எஸ்.டபிள்யூ.ஜி. என்ற பிரிட்டிஷ் அளவு. இணையத்தில் காணும் பட்டியல்கள் பெரும்பாலும் ஏ.டபிள்யூ.ஜி. என்ற அமெரிக்க அளவு. 28 என்ற ஒரே எண் முதலாவதில் 0.376 மி.மீ., இரண்டாவதில் 0.321 மி.மீ. வித்தியாசம் சிறிதாகத் தெரிந்தாலும் மின்தடை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மாறிவிடும். இந்தக் கட்டுரையில் உள்ளவை எல்லாம் எஸ்.டபிள்யூ.ஜி.

என் தேர்வு 28 கேஜ். இதன் மின்தடை ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 9.8 ஓம். எழுத்தின் வளைவுகளில் திரும்பும் அளவுக்கு மெலிது, இழுத்துக் கட்டினால் தாங்கும் அளவுக்கு உறுதி. 26 கேஜ் என்றால் 0.457 மி.மீ., மீட்டருக்கு 6.6 ஓம், தடித்த பலகைகளை நேராக அறுக்க இது மேல். 30 கேஜ் நுணுக்க வேலைக்கு நன்றாக இருக்கும், ஆனால் கொஞ்சம் வேகமாகத் தள்ளினாலே அறுந்துவிடும். பழகிய கைக்கு அதை விட்டுவிடுங்கள். 24-க்குக் கீழே போனால் வெட்டுத் தடம் அகலமாகும், அடாப்டரும் பெரிதாக வேண்டும்.

மூன்றாம் படி: நீளமும் வோல்ட்டும்

தெர்மாகோலின் மூலப்பொருளான பாலிஸ்டைரீன் சுமார் 100 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். வெட்டும்போது தெர்மாகோல் கம்பியின் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் கம்பி அதைவிட நன்றாகவே சூடாக இருக்க வேண்டும். 28 கேஜ் நிக்ரோமுக்குச் சுமார் 1.2 முதல் 1.4 ஆம்பியர் போதும்.

உங்கள் சட்டத்தில் கம்பியின் நீளம் 40 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். மின்தடை 0.4 பெருக்கல் 9.8, அதாவது 3.9 ஓம். 5 வோல்ட் கொடுத்தால் 5 வகுத்தல் 3.9, சுமார் 1.28 ஆம்பியர். பழைய கைபேசி சார்ஜரில் 5 வோல்ட், 2 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தால் வேலை முடிந்தது.

அதே கம்பிக்கு 12 வோல்ட் அடாப்டரை இணைத்தால் 3 ஆம்பியர் பாயும். வெப்பம் 6.4 வாட்டிலிருந்து 37 வாட் அளவுக்கு ஏறும். கம்பி சிவந்துவிடும், தெர்மாகோல் தொடும் முன்பே உருகி விலகும். 12 வோல்ட்தான் கையில் இருக்கிறதா? கம்பியை ஒரு மீட்டராக்குங்கள். 9.8 ஓம், 1.22 ஆம்பியர், மீண்டும் அதே சூடு. 28 கேஜ் நிக்ரோமுக்கு 10 செ.மீ.க்கு 1.2 வோல்ட் என்று நினைவில் வைத்தால் பட்டியலே தேவையில்லை.

இதே 40 செ.மீ. அளவில் 26 கேஜ் போட்டால் 5 வோல்ட்டில் 1.9 ஆம்பியர் இழுக்கும். 2 ஆம்பியர் சார்ஜருக்கு அது விளிம்பு. 24 கேஜ் என்றால் 2.8 ஆம்பியர், சார்ஜர் அணைந்துவிடும் அல்லது கொதிக்கும்.

சுவரிலுள்ள 230 வோல்ட்டை டிம்மர் வழியாகவோ, குண்டு பல்பைத் தொடரில் வைத்தோ நேரே கொடுக்கும் யோசனையைச் சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். காப்பு உறை இல்லாத கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு செய்யும் வேலை இது. டிம்மர் வோல்ட்டைக் குறைக்குமே தவிர ஷாக்கைத் தடுக்காது. பாதுகாப்புச் சுற்று இல்லாத லித்தியம் பேட்டரியை நேரே இணைப்பதும் வேண்டாம்.

நான்காம் படி: வாங்கியது அதுதானா?

சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுக்கும் கம்பிக்குப் பெயர்ச்சீட்டு இருக்காது. பென்சிலில் பத்துச் சுற்று நெருக்கமாகச் சுற்றி அளவுகோலால் அளந்து பத்தால் வகுங்கள். பத்துச் சுற்றும் சேர்ந்து 3.8 மி.மீ. அளவுக்கு வந்தால் 28 கேஜ். அடுத்து காந்தம்: காந்தல் ஒட்டும், நிக்ரோம் 80 ஒட்டாது. கடைசியாக, மின்தடையை அளக்கும் மல்டிமீட்டர். அதன் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணைக் கழித்த பிறகே ஓமைக் குறித்துக்கொள்ளுங்கள். இவ்வளவு சிறிய மின்தடையில் அந்தச் சின்ன எண்ணும் கணக்கைக் கெடுக்கும்.

ஐந்தாம் படி: கட்டுவது

சூடானால் கம்பி நீளும். 40 செ.மீ.க்கு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல்தான், ஆனாலும் தொய்ந்தால் வெட்டு வளையும். ஒரு முனையில் சிறிய ஸ்பிரிங் வைத்து இழுத்துக் கட்டுங்கள். மின் இணைப்பை ஸ்பிரிங்குக்கு அப்பால் அல்ல, கம்பியிலேயே கொடுங்கள். ஸ்பிரிங் வழியாக மின்சாரம் பாய்ந்தால் அது சூடாகி இழுவையை இழக்கும். நிக்ரோமில் சாதாரண ஈயப் பற்று நிற்காது. பித்தளைத் திருகும் வாஷரும் வைத்து இறுக்குவதே சரி.

ஆறாம் படி: முதல் சூடு

ஜன்னலைத் திறந்து வையுங்கள். உருகும் பாலிஸ்டைரீனிலிருந்து ஸ்டைரீன் ஆவி வரும், மூக்கைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். இணைப்பைக் கொடுத்து அரை நிமிடம் விட்டு, ஒரு துண்டுத் தெர்மாகோலைக் கம்பியின் மேல் மெல்லத் தள்ளுங்கள். அழுத்தாமலே நகர்ந்து, வெட்டிய பரப்பில் மெல்லிய நூலிழைகள் தெரிந்தால் சூடு சரி. கம்பி பின்னுக்கு வளைந்தால் சூடு போதவில்லை அல்லது உங்கள் கை வேகம். புகை எழுந்து தடம் அகலமானால் சூடு அதிகம். கம்பியைக் கொஞ்சம் நீளமாக்கிக் கட்டினால் சரியாகும். கம்பி சிவக்கவே கூடாது.

சன்போர்டு என்று விற்கும் பிவிசி அட்டையை இதில் வெட்டாதீர்கள், சூட்டில் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். மெத்தைக்குள் இருக்கும் பாலியூரித்தேன் நுரையும் கூடாது. அதன் புகை இன்னும் கொடியது. வெட்டி முடித்ததும் கம்பி சூடாக இருக்கும்போதே கொஞ்ச நேரம் சும்மா விட்டால் ஒட்டியிருக்கும் பிசுக்கு போய்விடும், பிறகு இணைப்பை எடுங்கள்.