ரவுட்டரால் நேரத்தைப் பூட்டலாம், கேமைப் பூட்ட முடியுமா?

பிள்ளை ரோப்லாக்ஸ் என்ற ஆன்லைன் கேமிலேயே கிடக்கிறது என்று ரவுட்டர் செட்டிங்ஸைத் திறக்கும் பெற்றோருக்காக இது. ரவுட்டர் செய்யக்கூடியதை முதலில் செய்துவிடுவோம்.

1. ரவுட்டரின் அடியிலோ பின்புறமோ உள்ள ஸ்டிக்கரைப் பாருங்கள். 192.168.1.1 அல்லது 192.168.0.1 போன்ற முகவரியும் லாகின் விவரமும் பெரும்பாலும் அதில் இருக்கும். பிரவுசரில் அந்த முகவரியைப் போட்டு உள்ளே போனதும் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். ஸ்டிக்கரைப் பிள்ளைகளும் படிப்பார்கள்.

2. பேரன்டல் கன்ட்ரோல் பகுதியில் பிள்ளையின் போனைத் தேர்ந்தெடுத்து, இரவு 9 முதல் காலை 6 வரை இணையத்தை நிறுத்துங்கள். ரவுட்டரின் கடிகாரம் நம் நேரத்தில் ஓடுகிறதா என்றும் பாருங்கள். இந்தியாவுக்கு +5:30 இருக்க வேண்டும், இல்லையென்றால் பூட்டு கண்ட நேரத்தில் விழும். நேரத்தைப் பிள்ளையிடம் சொல்லிவிட்டே வையுங்கள். மேட்ச் நடுவில் இணைப்பு அறுந்தால் சண்டைதான் மிஞ்சும்.

3. ரவுட்டர் போனை அடையாளம் காண்பது மேக் முகவரியை வைத்து, அதாவது ஒவ்வொரு கருவியும் வைஃபையில் காட்டும் அடையாள எண்ணை வைத்து. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் உண்மையான முகவரிக்குப் பதில் வேறொன்றைக் காட்டுகின்றன. வைஃபை செட்டிங்கில் அதை மாற்றினால் ரவுட்டருக்கு அது புதுப் போன், பூட்டும் போச்சு. பட்டியலில் உள்ள கருவிகளை மட்டும் அனுமதிக்கும் வசதி உங்கள் ரவுட்டரில் இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள்.

கேமின் பெயரை ரவுட்டரின் தடைப் பட்டியலில் சேர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்தத் தடை இணையதளப் பெயரைத்தான் பார்க்கிறது. ஆட்டம் நடக்கும்போது தரவு வேறு சர்வர்களின் ஐபி எண்களுக்கு நேராகப் போகிறது, அந்த எண்களும் மாறிக்கொண்டே இருக்கும். போர்ட்டை (தரவு போய்வரும் எண்ணிட்ட வாசலை) அடைக்கலாமே என்றால், ரோப்லாக்ஸ் 49152 முதல் 65535 வரை எதையும் எடுத்துக்கொள்ளும். அத்தனையையும் அடைத்தால் வீடியோ காலும் தடுமாறலாம். கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் 1.1.1.3 டிஎன்எஸ் (தளப் பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும் சேவை) ஆபாசத் தளங்களையும் மால்வேரையும் தடுக்கும், கேம்களை அல்ல. தரவை வேறு சர்வர் வழியாக மறைத்து அனுப்பும் விபிஎன் ஆப்பைப் போட்டால் இந்தத் தடைகளை எல்லாம் தாண்டிவிடலாம்.

போனில் சிம் இருந்தால் விபிஎன்கூடத் தேவையில்லை. மொபைல் டேட்டா ரவுட்டர் வழியாகப் போவதே இல்லை.

4. ஆகவே பூட்டு போனிலேயே இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் கூகுள் ஃபேமிலி லிங்க், ஐபோனில் ஸ்கிரீன் டைம். இரண்டிலும் தனி ஆப்புக்குத் தனி நேரம் வைக்கலாம்.

5. எல்லாம் முடிந்ததும், கேமுக்கு வைத்த நேரம் தீர்ந்த பிறகு, பிள்ளையின் போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் கேமைத் திறந்து பாருங்கள். திறந்தால் 4-ஆவது படியில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது.