தரைக்கு ஏற்ற விளையாட்டு மேட்: எத்தனை மில்லிமீட்டர் வாங்கலாம்?

குழந்தை உட்காரப் பழகியதும் கடைக்குப் போய், இருப்பதிலேயே தடிமனான நுரை விரிப்பை, அதாவது மேட்டைக் கேட்கிறோம். அவசரப்படாதீர்கள், முதலில் வீட்டுத் தரையைப் பாருங்கள்.

1960-இல் கரோல் புயல் மொரீஷியஸில் மர வீடுகளையும் தகர வீடுகளையும் வாரிக்கொண்டு போனபிறகு இங்கே கான்கிரீட் வீடுகள் பெருகின. அந்தக் கான்கிரீட்டின் மேல் டைல்ஸ் ஒட்டிய தரை துளியும் அமுங்காது, உட்கார்ந்த குழந்தை பின்பக்கம் சாய்ந்தால் அடி முழுக்கத் தலைக்குத்தான். அதனால் டைல்ஸுக்கும் வெறும் சிமெண்டுக்கும் 20 மில்லிமீட்டர் வாங்குங்கள். குப்புறப் படுத்து விளையாடும் வயது மட்டும் என்றால் 12 போதும், ஆனால் சில மாதத்திலேயே எழுந்து நிற்கப் பார்ப்பான், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

பழைய மரத்தரையை விரலால் தட்டினால் உள்ளே வெற்றிடம் இருப்பது சத்தத்திலேயே தெரியும். அது கொஞ்சம் வளைந்து கொடுக்கும் என்பதால் 12 முதல் 15 வரை சரி. வினைல் விரிப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள், அடியில் கான்கிரீட் இருந்தால் அதுவும் டைல்ஸ் கணக்குதான். கம்பளத்தின் மேல் 10 போதும்.

அடுத்து, கடையில் மேட்டை விரித்து ஒரு முழங்காலை ஊன்றி உடம்பின் பாரம் முழுவதையும் அதில் வையுங்கள். தரை முழங்காலில் குத்தினால் அட்டையில் 20 என்று போட்டிருந்தாலும் வேண்டாம். நுரை நெருக்கமாக இருப்பதுதான் முக்கியம், பஞ்சு மெத்தை மாதிரி அமுங்கினால் நடை பழகும் கால் தடுமாறும், கணுக்கால் மடங்கும். தடிமனைவிட இந்தச் சோதனையைத்தான் நான் நம்புவேன்.

வாங்கும் முன் கதவுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளந்துவிடுங்கள், கதவு மேட்டில் இடித்தால் தினமும் தொல்லை. துண்டு துண்டாகக் கோர்க்கும் ஈவிஏ (ரப்பர் போன்ற நுரை) மேட்டில் ஓரத்துச் சின்னப் பட்டைகள் தனியாகக் கழன்று வருகிறதா என்று இழுத்துப் பாருங்கள், வாயில் போட்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

தீவின் நடுப்பகுதி ஊர்களான கியூர்பைப், வாக்வா பக்கம் ஈரம் அதிகம். தரையைத் துடைத்தால் நன்றாகக் காய்ந்தபிறகே மேட்டை விரியுங்கள், வாரம் இரண்டு முறையாவது தூக்கிச் சுவரில் சாய்த்து வையுங்கள், இல்லையென்றால் அடியில் கறுப்புப் பூஞ்சை பிடிக்கும். காயவைப்பது நிழலில்தான், கடும் வெயிலில் நுரை சுருங்கி ஓரம் தூக்கிக்கொள்ளும், அதில் குழந்தை தடுக்கி விழும்.